இக்னேஷியஸின் உதடு

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிய இக்னேஷியஸுக்கு மூன்று காதல்கள். குத்துச்சண்டை, மாதா கோயில் பேண்டில் ஊதும் கார்னெட், பேண்டு மாஸ்டர் ராயப்பனின் மகள் ஹில்டா. முதலாவது மற்ற இரண்டுக்கும் சக்களத்தி. உதடு கிழிந்தவன் கார்னெட் ஊத முடியாது. ஊத முடியாதவனுக்கு ராயப்பன் பெண் கொடுக்க மாட்டார்.

1969இல் சிக்கல் முற்றியது. ஞாயிற்றுக்கிழமை மாதா தேர். கொரட்டூர் கிளப்புக்காக அவன் ஒப்புக்கொண்ட சண்டையோ அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை.

“ஸ்டேசன் ரோட்டுல தேர் திரும்பசொல்லோ நீ தனியா ஊதணும்,” என்றார் ராயப்பன். “உதட்ட பத்திரமா பாத்துக்க. ஒரு எடத்துல பிசிறு தட்டுச்சுன்னா ஹில்டாவ மறந்துடு, நைனா.”

சண்டையை விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். வாக்குக் கொடுத்துவிட்டானே! கொரட்டூர்க்காரர்கள் தோற்றவனை மன்னிப்பார்கள், மேடை ஏறாமல் ஓடியவனை மன்னிக்கவே மாட்டார்கள்.

ஆகவே உதட்டைக் காப்பாற்றும் வேலையில் இறங்கினான். அதை முறையாகவே செய்தான், குறை சொல்ல முடியாது. பழைய சைக்கிள் டியூபை வெட்டி, மடித்து, வெந்நீரில் போட்டு, சூட்டோடு கடித்துப் பல்லுக்கு ஒரு கவசம் செய்தான். அதைப் போட்டுப் பழகிய ஒரு வாரமும் அவன் தின்ற சோறெல்லாம் பஞ்சர் கடை வாசம் அடித்தது. காலையும் மாலையும் உதட்டுக்கு வெண்ணெய். பயிற்சியில் இரண்டு கிளவுஸும் வாயை விட்டு அசையவில்லை.

கிளப்பில் பழக்கிவிடும் லட்சுமணனுக்கு இது பிடிக்கவில்லை. அவர் எல்லோரையும் மல்லாக்கப் படுக்கவைத்து வயிற்றில் மணல் மூட்டையைப் போடுவார். இக்னேஷியஸ் மட்டும் நழுவிக்கொண்டே இருந்தான்.

“வயித்த இறுக்கிப் பழகுடா. மூட்ட தாங்காதவன் குத்து தாங்க மாட்டான்.”

“இன்னா அண்ணாத்தே, நான் வயித்தாலயா கார்னெட் ஊதப் போறேன்?”

பதினோரு வருஷமாகக் கார்னெட் ஊதியவன் கேட்ட கேள்வி இது. புத்தி கெட்டுப்போனால் இப்படித்தான்.

வெள்ளிக்கிழமை எதிரில் நின்றவன் கள்ளிக்குப்பம் வரதன். இக்னேஷியஸ் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தான். பூட்டிய கதவை எதற்குத் தட்டுவானேன் என்று நேராக வயிற்றுக்கும் விலாவுக்கும் வந்துவிட்டான்.

“இன்னா மாமே, பல்லு வலியா?” என்று கூட்டம் கத்தியது.

“கைய எறக்குடா, வயித்த மூடு!” என்று லட்சுமணன் தொண்டை கிழியக் கத்தினார்.

கை இறங்கவே இல்லை. மூன்று ரவுண்டும் வாங்கித் தோற்றான். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால் உதட்டில் ஒரு கீறல்கூட இல்லை. தோற்றவன் எவனும் அன்று அவனைப்போல் சந்தோஷமாகத் தூங்கியிருக்க மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை தேர் திரும்பியது. கார்னெட்டை எடுத்தான். முதல் அடி எப்படியோ வந்துவிட்டது. இரண்டாவது அடிக்கு மூச்சை நன்றாக இழுத்தான் பாருங்கள், வரதன் குத்திய குத்தெல்லாம் ஒன்றாக எழுந்து விலாவைப் பிடித்தன. கார்னெட்டிலிருந்து டியூபில் காற்று இறங்குகிற சத்தம்தான் வந்தது. அவனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. வலியால் அல்ல, ஹில்டா போய்விட்டாள் என்று.

அப்போது பெண்கள் வரிசையிலிருந்து அதே மெட்டைப் பிடித்து ஒரு குரல் உரக்கப் பாடியது. ஹில்டாதான். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஏற்பாடே அப்படித்தான் போலும் என்று ஜனம் நினைத்தது.

ராயப்பனை ஏமாற்ற முடியுமா? தேர் நிலைக்கு வந்ததும் அவன் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். விலா முழுக்கக் கன்றிக் கிடந்தது. சட்டையை மெதுவாக இறக்கிவிட்டார்.

“உதட்ட பாத்துக்கன்னு சொன்ன நான், மூச்சு எங்கேந்து வருதுன்னு சொல்லாம உட்டேனே,” என்றார். “தப்பு எம்மேலயும் கீது. அடி வாங்குனவன் நீ, காப்பாத்துனவ அவ. இனிமே முடிவு சொல்ல நான் யாரு? அவளயே கேளு.”

இக்னேஷியஸ் அவள் பக்கம் திரும்பினான். ஹில்டா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“சண்டைய உடுன்னு சொல்ல மாட்டேன். நாளைக்கே போய் மணல் மூட்டைக்குக் கீழ படு,” என்றாள். “ஆனா அடுத்த வருசம் தேருக்கு மின்னாடி கிளவுஸ எடுத்துகினு கெளம்புனா, நம்ம ஊட்டு வாசல மறிச்சுகினு நான்தான் நிப்பேன்.”