உனக்கப்பறம் நான் எந்த வூட்ல?

கிரயப் பத்திரம் எழுத வருகிறவர்கள் கையில் ஸ்வீட் பாக்ஸ் இருக்கும். உயில் எழுத வருகிறவர்கள் மூஞ்சியில் நேற்றைய சண்டைதான் இருக்கும். பாகூரில் என்னைப் போலப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு, அதிலும் புருஷன் பெண்டாட்டியைச் சேர்த்து உட்காரவைத்து மாட்டிக்கொண்டவர்களுக்கு, நான் விளக்க வேண்டியதில்லை. கரியமாணிக்கத்துக் கலியமூர்த்தி கதையைக் கேளுங்கள்.

ஒற்றை ஆளாக

கரும்பு போடுகிறவர், எழுபதைத் தொட்டவர். தனியாகத்தான் வந்தார். வீடு, நிலம் எல்லாமே தனக்கப்புறம் ஒரே பையனுக்கு, ஒரே உயிலில் முடித்துக் கொடு என்றார். காகிதங்களைப் புரட்டினால் வீடு அவர் பேரில். நிலமோ சம்சாரம் அஞ்சலை பேரில், தாய்வீட்டில் எழுதிக் கொடுத்தது. அவங்க சொத்துக்கு அவங்கதான் எழுதணும், கூட்டிக்கிட்டு வாங்க என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னேன்.

“நாப்பது வருஷமா நான்தான் பயிர் வைக்கிறேன், அவள இன்னாத்துக்கு ரைட்டரே இழுக்கற?”

ஜோடியாக

அடுத்த வாரம் இருவரும் டவுன் பஸ்ஸில் வந்தார்கள். அவருடைய உயிலைப் படித்துக் காட்டினேன். வீடு நேராகப் பையனுக்கு. அம்மா உயிரோட இருக்கிற வரைக்கும் வீட்டுல அவங்க இருக்கட்டும், அப்புறம் பையனுக்கு என்று ஒரு வரி சேர்க்கலாமே என்றேன். பெத்த புள்ள துரத்திடுவானா, அப்படி எழுதினா அவன் மனசு நோகாதா என்று குதித்தார். இதே பேச்சை எத்தனை பேர் வாயில் கேட்பது? அலுத்துப்போச்சு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அஞ்சலை அம்மா அவரைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

“அவன் நல்லவன்தான். உனக்கப்பறம் நான் எந்த வூட்ல இருக்கறதுன்னு அந்தக் காயிதத்துல ஒரு எடத்துலயும் இல்லியே?”

டீ குடித்து வந்த பிறகு

அவர் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். அந்த நேரத்தில் அந்த அம்மா தன் உயிலைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவர் திரும்பியதும் படித்தேன். தனக்குப் பிறகு நிலத்தை வீட்டுக்காரர் ஆயுள் உள்ளவரை அனுபவிக்க வேண்டியது, அதற்குப் பிறகே மகனுக்கு. கலியமூர்த்தி இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன். தன் உயிலை என் பக்கம் தள்ளினார்.

“என்னுதக் கிழிச்சிப் போடு ரைட்டரே. அவ எழுதினாப்பலயே எனக்கும் எழுது.”

ஊரில் பாதிப் பேருக்கு உயில் எழுதிக் கொடுத்த நான், நம்முளுது எப்போ என்று என் வீட்டுக்காரி கேட்கும்போதெல்லாம் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றுதான் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.