ஊதி விடு, சுமலதா

முத்தியால்பேட்டையில் சுமலதாவைத் தெரியாத பெண்பிள்ளை கிடையாது. பாகூர்ப் பக்கம் கரும்பு போடுகிற குடும்பம். தங்கச்சிமார்கள் களையெடுக்கப் போனபோது இவள் மட்டும் பியூட்டீஷியன் கோர்ஸ் படிக்க பஸ் ஏறினாள். ஆட்டோ ஓட்டுகிற வெற்றிவேலைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, மகள் பேரில் ‘பூவிழி பியூட்டி பார்லர்’ என்று போர்டு மாட்டினாள். கடை என்றால் பெரிசாக நினைத்துவிடாதீர்கள். ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, ஒரு டியூப் லைட். ஆனால் கை இருக்கிறதே, அடேயப்பா! அந்தக் கைக்காகவே சாரம் பக்கத்திலிருந்தெல்லாம் ஸ்கூட்டியில் வருவார்கள்.

ஐப்ரோ எடுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மிச்சத்தை ரெண்டு கையிலும் முறுக்கி, புருவத்தின் மேல் ஓட்ட வேண்டும். முகத்துக்கும் முகத்துக்கும் நடுவில் ஒரு சாண்கூட இருக்காது. சாய்ந்திருப்பவள் தன் ரெண்டு கையாலும் கண்ணுக்கு மேலே கீழே தோலை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். வலித்தால் கத்தலாம். மூக்கைப் பொத்த வேண்டுமென்றால் மட்டும் வழியே கிடையாது, பாவம்!

வில்லங்கம் அங்கேதான் வந்தது. கொஞ்ச நாளாகவே நாற்காலியில் உட்கார்கிறவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். சிலர் மூச்சை அடக்கிக்கொண்டு கண் கலங்கினார்கள். எழுந்ததும் “நல்லாருக்குக்கா” என்று சொல்லிவிட்டு ஓட்டமாக ஓடினார்கள். சுமலதா என்ன நினைத்தாள்? தன் கை முரடாகிவிட்டது என்று நினைத்தாள். விடுவாளா? மெல்லிசு நூலாகத் தேடி வாங்கினாள். பவுடரை அள்ளிப் போட்டாள். ஒவ்வொரு முடியாக, பார்த்துப் பார்த்து, நிதானமாக எடுத்தாள். ஒரு புருவம் முடிவதற்குள் டிவியில் ஒரு சீரியலே முடிந்துவிடும். நடுநடுவே இன்னும் கிட்டக் குனிந்து, “எரியுதாம்மா? இரு, ஊதி விடுறேன்” என்று பாசத்தோடு ஊதியும் விட்டாள்.

அட கடவுளே!

கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. மெயின் ரோட்டில் புதிதாக ஏசி பார்லர் ஒன்று வேறு திறந்திருந்தார்கள். கடையை மூடிவிட்டு அங்கேயே சம்பளத்துக்குப் போய்விடலாமா என்றுகூட அவளுக்கு எண்ணம் வந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கிற அகஸ்டினா தன் மகள் ஜாஸ்லினைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஜாஸ்லினுக்கு அடுத்த மாசம் மாதா கோயிலில் கல்யாணம். அந்த அலங்காரம் மட்டும் கிடைத்தால் போதும், பார்க்கிறவர்களெல்லாம் யார் பண்ணியது என்று கேட்டுக்கொண்டு வருவார்கள், கடை பிழைத்துக்கொள்ளும். சுமலதா சாமியை வேண்டிக்கொண்டு நூலைப் பல்லில் கடித்தாள்.

ஜாஸ்லின் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். “என்னடி அப்படி வலிக்குது?” என்று அகஸ்டினா கிட்ட வந்து குனிந்தாள். சுமலதா நூலை எடுத்துவிட்டு, “ஒண்ணுமில்லக்கா, முடிஞ்சிடுச்சி” என்றாள். அகஸ்டினா ரெண்டடி பின்னால் போனாள்.

“ஏம்மா சுமலதா, கோச்சுக்காத. விடிஞ்சா பொழுது போனா ஏலக்கூடத்துல நிக்கிறவ நான். அழுகின மத்தி மீனெல்லாம் பாத்த மூக்கு இது. இதுக்கே தாங்கல. உன் வாய்தாண்டி நாறுது!”

சுமலதாவுக்கு முகம் செத்துப்போய்விட்டது. நூல் கையிலிருந்து நழுவியது.

“அம்மா, சும்மா இரு!” என்று ஜாஸ்லின் எழுந்துவிட்டாள். பல் டாக்டரிடம் வேலை பார்க்கிற பெண் அது. விஷயம் தெரிந்தும் மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தது. “அக்கா, காலையிலேருந்து எவ்ளோ தண்ணி குடிச்சீங்க?”

எங்கே குடித்தாள்? கடையில் கக்கூஸ் கிடையாது. குடித்தால் போகணுமே என்று காலையில் குடிக்கிற காபியோடு சரி, ராத்திரி வரை வாயில் நூல்தான்.

“வாய் காஞ்சாலே நாறும்க்கா. எங்க கிளினிக்குக்கு வந்து பல்லைச் சுத்தம் பண்ணிக்குங்க. நாக்கை வழிங்க, தண்ணி குடிங்க. சக்கரை போடாம க்ரீன் டீயும் குடிச்சுப் பாருங்க, நாத்தத்துக்கு நல்லது.”

அகஸ்டினா வாசலில் நின்று முடிவாகச் சொன்னாள். “கல்யாணத்துக்கு முந்தின வாரம் நான் வருவேன். சரியா இருந்தா பொண்ணு உன் கையில. இல்லேன்னா ஏசி பார்லர்தான். மாப்ள வீடு பாரிஸ்லேருந்து வருது. கன்னத்தோட கன்னம் வச்சு முத்தம் குடுக்குற ஆளுங்க. என் பொண்ணு அழுத மூஞ்சியோட நிக்கக் கூடாது.”

வீட்டுக்குப் போனதும் சுமலதா வெற்றிவேலைப் பிடித்துக்கொண்டாள். “உனக்குத் தெரியுமா, தெரியாதா?” அவன் திருதிருவென்று விழித்தான். ராத்திரியில் ஃபேன் காற்று வேணும் என்று அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டிருந்ததற்கு இதுதானா காரணம்! “சொன்னா நீ அழுவியேன்னுதான்...” என்று இழுத்தான். “ஊரே அழுதுச்சே, அது பரவாயில்லயா?” என்று அவள் கத்தினாள். கத்தி முடித்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

செய்த பாவத்துக்குப் பரிகாரமாக அவனே க்ரீன் டீ பாக்கெட் வாங்கிவந்து போட்டுக் கொடுத்தான். எப்படி? பாலைக் காய்ச்சி, இஞ்சி தட்டிப் போட்டு, சர்க்கரை தூக்கலாக, நுரை பொங்க ஆற்றி! குளத்துத் தண்ணீர் நிறத்தில் ஒரு டம்ளர். ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து பாலும் சர்க்கரையும் இல்லாமல், வெறும் வெந்நீரில் போட்ட டீதான். கசந்து தொலைத்தது. அப்புறம் பழகிவிட்டது, அதற்கப்புறம் அது இல்லாமல் முடியவில்லை. பல்லைச் சுத்தம் பண்ணிக்கொண்டாள். கடைக்குப் பின்கட்டு வீட்டுக்கார அம்மாவிடம் வெட்கத்தை விட்டுக் கக்கூஸ் சாவி கேட்டாள். “இதைக் கேக்க இத்தனை வருஷமாடி?” என்று அந்தம்மா சாவியைக் கொடுத்தேவிட்டார். ஃப்ளாஸ்க் நிறைய க்ரீன் டீ கடைக்கு வந்தது, ஒவ்வொரு புருவத்துக்கும் முன்னால் ஒரு வாய் கொப்பளித்துக் குடித்தாள். ராத்திரி வெற்றிவேல் டிராஃபிக் போலீஸ் மாதிரி “ஊதும்மா” என்பான். ஒருநாள் சுவர்ப்பக்கம் திரும்பாமல் இவள் பக்கமே திரும்பிப் படுத்தான்.

ஆனாலும் கடையில் அவள் யாருக்கும் ஊதிவிடவில்லை. அந்தக் கூச்சம் போகவே இல்லை. பேச வேண்டியிருந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினாள்.

சொன்னபடி அகஸ்டினா வந்தாள், தனியாக. “ஜாஸ்லின் எங்கக்கா?” என்று சுமலதா கேட்பதற்குள் நாற்காலியில் தானே சாய்ந்தாள். பிறந்ததிலிருந்து நூல் படாத புருவம் அது, காடு. “எடு” என்றாள்.

சுமலதா டீயைக் குடித்துவிட்டு நூலைக் கடித்தாள். பழைய வேகத்தில் கை ஓடியது. அகஸ்டினா கண்ணை மூடியிருந்தாள். சுளிக்கவில்லை, மூச்சை அடக்கவில்லை. இழுத்து இழுத்து மூச்சு விட்டாள், வேண்டுமென்றேதான்! ரெண்டு புருவமும் முடிந்தது. சுமலதா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

“ஏண்டி, இவ்ளோ எரியுது, பாத்துட்டு நிக்கிற?” என்றாள் அகஸ்டினா, கண்ணைத் திறக்காமலே. “கிட்ட வா. ஊதி விடு.”

சுமலதா குனிந்து ஊதினாள். ஊதும்போதே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து உதடு கோணிக்கொண்டது.

“இன்னும் கொஞ்சம்” என்றாள் அகஸ்டினா.