இடப்பக்கம் இழுத்த கார்

எங்கள் தொழிலில் வண்டிக்கு என்ன செய்கிறது என்று கேட்டால், கஸ்டமர் நோயைச் சொல்லமாட்டார், மருந்தையே சொல்லுவார். "பாய், ஸ்டீரிங் பாக்ஸை மாத்திருங்க" என்று சாவியை நீட்டிவிட்டுப் போய்விடுவார். பழைய காரைக் கட்டிக்கொண்டு மாரடித்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளின் கடைசியில், ராஜபாளையம் தென்காசி ரோட்டில் நான் ஷெட் வைத்திருந்தபோது என் உயிரை வாங்கிய ஒரு காரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அப்பா வண்டி

வெங்கடேஷ் பஞ்சாலையில் சூப்பர்வைசர். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. அவன் கொண்டுவந்தது ரெண்டே சீட் உள்ள வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு பெயின்ட் வெளிறிச் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. அவன் அப்பா அதைப் பல வருஷம் ஓட்டிவிட்டு, அதற்கு முந்தின வருஷம்தான் காலமானார். இவன் கைக்கு வந்ததிலிருந்து வண்டி இடப்பக்கமே இழுக்கிறதாம். முந்தின நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் கண்மாய்க்கரை வரை இறங்கி, மயிரிழையில் தப்பியிருக்கிறான்.

விஷயம் அம்மா காதுக்குப் போய்விட்டது. அவன் முகம் செத்துப்போயிருந்தது. "வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா புரோக்கர்ட்ட தள்ளிவிட்ருவேன்னு அம்மா ஒத்தக்கால்ல நிக்காங்க. எப்படியாவது காப்பாத்திக் குடுங்க பாய்."

நூல் பிடித்தோம்

எங்கள் ஊரில் அன்றைக்கு அலைன்மென்ட் மெஷின் ஏது? மில் நூலை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இழுத்துக் கட்டி, கண்ணை இடுக்கிப் பார்ப்போம். பார்த்தோம். நேராகத்தான் இருந்தது. ஆனாலும் சும்மா இருக்க முடியுமா? டை ராடு, புஷ், ஷாக் அப்சர்பர் என்று முன்பக்கம் கை வைக்காத இடமில்லை.

வண்டி நிற்கும்போதே லேசாக இடப்பக்கம் சாய்ந்திருப்பதுபோல் எனக்குத் தெரிந்தது. என்னோடு வேலை பார்த்த முருகையாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "வண்டி சாயல பாய். நம்ம ஷெட்டு தரைதான் சாஞ்சு கெடக்கு."

சோதனை ஓட்டம்

நானே எடுத்துக்கொண்டு போனேன். நானும் நோஞ்சான்தான். வலப்பக்கம் திருப்பினால் மூக்கு திரும்ப மாட்டேன் என்கிறது. இடப்பக்கம் திருப்பினால் வால் விலகி ஓடுகிறது. சரி, ரோடு ஓரம் சரிவாக இருப்பதால்தான் இழுக்கிறதோ என்று நட்ட நடு ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். அப்போதும் இழுத்தது.

மம்சாபுரம் ரோடு பிரிகிற விலக்கில் புல்லுக்கட்டோடு வந்த ஒரு அம்மா பதறி ஒதுங்கினார். "ஏலே, ரோட்டுல ஓட்டுதியா, காட்டுல ஓட்டுதியா?"

புரோக்கர் வந்தார்

வெள்ளிக்கிழமை காலையில் வெங்கடேஷின் அம்மா மதுரைப் புரோக்கரோடு வந்து இறங்கினார். புரோக்கர் ஆள் மலை மாதிரி. சட்டைப் பித்தான்கள்தான் ஆளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. ஸ்டீரிங்குக்குப் பின்னால் வயிற்றைத் திணித்துக்கொண்டு கிளம்பியவர், செத்த நேரத்தில் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

வெங்கடேஷ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். புரோக்கர் போகிற போக்கில் சொன்னார்: "ரயிலு மாதிரி நேரா போகுதே! உங்க பாய்க்குத்தான் ஓட்டத் தெரியல."

வலப்பக்கத்து ரகசியம்

எங்களுக்கெல்லாம் இழுக்கிற வண்டி இந்த மனுஷனுக்கு மட்டும் எப்படி நேராகப் போனது? அப்போதுதான் பொறி தட்டியது. "அம்மா, மறைஞ்ச ஐயாவுக்கு உடம்பு எப்படி, பெருத்த ஆளா?" என்று கேட்டேன்.

"ஏன் கேக்கீங்க, இந்தப் புரோக்கர விட ஒண்ணரை மடங்கு! அவிய ஏறுனா வண்டி ஒரு பக்கமா அமுங்கும். சந்தையில சனம் சிரிக்குன்னு செட்டியார்பட்டி பட்டறையில போயி என்னமோ செஞ்சுட்டு வந்தாவ. பொறவு நிமிர்ந்துல்லா போவும்!"

பட்டை

பின்பக்கம் அப்பியிருந்த மண்ணையும் கிரீஸையும் சுரண்டினோம். வலப்பக்க ஸ்பிரிங்கில், அதாவது ஓட்டுகிறவர் உட்காரும் பக்கம், ஒரு இரும்புப் பட்டை அதிகம். அந்தப் பாரத்துக்காகப் போட்டது. பாரம் போய்விட்டது, பட்டை நின்றுவிட்டது; லேசான ஆள் உட்கார்ந்தால் அது வலப்பக்கத்தைத் தூக்கி வண்டியை இடப்பக்கம் தள்ளும். கழற்றித் தரையில் போட்டேன். வெங்கடேஷ் ஒரு சுற்றுப் போய்வந்தான். வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. ஸ்டீரிங்கில் கையை வைத்துக்கொண்டே அழுதுவிட்டான்.

கணவர் போனபிறகு அந்தக் காரில் ஏறாத அம்மா, இடப்பக்கக் கதவைத் திறந்து மெல்ல உட்கார்ந்தார். அவரும் வாட்டசாட்டமானவர்தான். வண்டி அப்படியே அவர் பக்கம் சாய்ந்தது. நானும் முருகையாவும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தோம். அவர் தரையில் கிடந்த பட்டையைக் கை காட்டினார்.

"புரோக்கர் வந்தா போகச் சொல்லிருங்க பாய். அவிய பட்டையை எறிஞ்சிராம, நான் உக்காருத பக்கம் மாட்டிருங்க."

அன்றிலிருந்து வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்று யார் வந்தாலும், அவர் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் டயரைப் பார்க்கிறேன்.