தம்பியின் கல்லீரல்

அவள் தையற்காரி. கோபம் வந்தால் வாயைத் திறக்க மாட்டாள். நன்றாக இருக்கும் தையலைப் பிரித்துப்போட்டு மறுபடி தைப்பாள். அக்கம்பக்கத்தார் அதைப் பொறுமை என்று நினைத்தார்கள். தம்பிக்குத் தெரியும். "எங்க அக்கா எதையும் மறக்க மாட்டா. மடிச்சு வெச்சுக்குவா, அவ்வளவுதான்" என்பான்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஓடும் குழிக்குள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு ஏறுவதால் உடன் வேலை செய்பவர்கள் பல்லி என்று கூப்பிட்டார்கள். பெற்றோர் போனபோது அவனுக்கு ஒன்பது வயது. அதன் பிறகு அவனுக்கு எல்லாமே அவள்தான்.

குழிக்குள் இறங்குமுன் இயந்திர அறையில் மெயின் ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்வது அவன் வழக்கம். அது தன்னிடம் இருக்கும்வரை லிஃப்ட் ஒரு அடி நகராது. குனிந்து நிமிரும்போது அது இரண்டு தடவை கீழே விழுந்து உடைந்துவிட்டது.

"பொத்தான் வெச்ச பை ஒண்ணு தச்சுக் குடுக்கா. என் உசிரு அதுலதான் இருக்கு."

மேலங்கியின் உள்பக்கம், இடது மார்பில், இரட்டைத் தையல் போட்டுத் தைத்துக் கொடுத்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அவன் குழிக்குள் இருந்தபோது லிஃப்ட் நகர்ந்தது. மூன்று மாடி உயரத்திலிருந்து விழுந்தான்.

மூன்றாம் நாள் மருத்துவர்கள் இரண்டு முறை சோதித்துவிட்டு, மூளை இறந்துவிட்டது என்றார்கள். மார்பு ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அது இயந்திரம் விடும் மூச்சு. கண்ணாடி போட்ட ஒரு பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். உறுப்பு தானம் பற்றிக் குடும்பங்களிடம் பேசுவது அவள் வேலை.

"முகத்துல கத்தி படுமா?"

"படாதுங்க."

"அவனுக்கு வலிக்குமா?"

"வலிக்கிறதெல்லாம் முடிஞ்சிருச்சுங்க."

கழற்றிப்போட்ட பழைய லிஃப்டின் சக்கரத்தைக்கூடத் துடைத்து இன்னொன்றில் மாட்டி ஓட்டுகிறவன் அவன். எதையும் வீணாக்கினால் அவனுக்குப் பிடிக்காது. அவள் கையெழுத்துப் போட்டாள். சிறுநீரகம் இரண்டும் இருவருக்குப் போயின. கல்லீரல் இன்னொருவருக்கு. பெயர் சொல்ல மாட்டார்கள், அவளும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் தம்பியின் கூட்டாளி ஒருவன் வீட்டுக்கு வந்தான். வாசலைத் தாண்டவே தயங்கினான்.

"சூப்பர்வைசர் அறிக்கை எழுதிட்டாருக்கா. பல்லி குடிச்சிருந்தானாம், கரண்ட்டைக்கூட நிறுத்தாம இறங்கிட்டானாம். காலையில எல்லாரையும் நிக்க வெச்சுப் படிச்சாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எங்களுக்குப் புள்ளைங்க இருக்குக்கா."

"எனக்கும் ஒரு புள்ளதான் இருந்தான்."

அவன் போன பிறகு, மருத்துவமனையில் கொடுத்த துணிப்பையை முதல்முறையாகப் பிரித்தாள். மேலங்கியைக் கழுத்திலிருந்து கால்வரை கத்திரியால் வெட்டியிருந்தார்கள். உள்பைக்கு ஒன்றும் ஆகவில்லை. பொத்தான் போட்டபடி இருந்தது. உள்ளே ஃபியூஸ்.

அவள் அழவில்லை. ஃபியூஸ் தம்பியிடம் இருந்தது என்றால், வேறு ஒரு ஃபியூஸை யாரோ மாட்டியிருக்க வேண்டும். இயந்திர அறையின் சாவி இன்னொருவரிடம்தான் உண்டு. அவர் சூப்பர்வைசர்.

ஆனால் குடிகாரன் என்ற பேச்சுக்கு ஃபியூஸ் பதில் சொல்லாது. அவள் மருத்துவமனைக்குப் போனாள்.

"குடிகாரன் ஈரலை இன்னொருத்தருக்கு வெப்பீங்களா?"

கண்ணாடிக்காரப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "யாருங்க அப்படிச் சொன்னது? தானம்னு முடிவானதும் எல்லாத்தையும் சோதிப்போம். விபத்தன்னைக்கு எடுத்து வெச்சிருந்த ரத்தத்தையும் சேர்த்துத்தான். துளி மதுகூட இல்ல. ஈரலைப் பார்த்துட்டு டாக்டரே, குழந்தை ஈரல் மாதிரி இருக்குன்னாரு."

"அதை எழுதித் தருவீங்களா?"

முத்திரையோடு காகிதம் கிடைக்க இருபது நாள் ஆனது. அவள் கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால் அந்த ரத்தத்தை யாரும் சோதித்திருக்கவே மாட்டார்கள். தம்பியின் பெயரும் அவனோடேயே மண்ணுக்குள் போயிருக்கும். இருபது நாளும் அவள் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரே காலர் பதினெட்டு தடவை பிரித்துத் தைக்கப்பட்டது.

காகிதத்தின் நகலைப் போலீஸில் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை எட்டு மணிக்கு, மெக்கானிக்குகள் வரிசையில் நிற்கும் நேரமாகப் பார்த்துப் போனாள். மேசைமேல் ஃபியூஸை வைத்தாள். பக்கத்தில் காகிதத்தை வைத்தாள்.

"உள்ள வந்து பேசலாம்மா" என்றார் சூப்பர்வைசர்.

"வெளியிலதான சொன்னீங்க. வெளியிலயே படிங்க."

"இது என்ன காகிதம்னு எனக்கு..."

"தமிழ்லதான் எழுதியிருக்கு."

வரிசையில் யாரோ செருமினார்கள். கூட்டாளி மெல்ல முன்னால் வந்து அந்த ஃபியூஸைக் கையில் எடுத்துப் பார்த்தான். "இது பல்லியோடதுதான். பிடுங்கின ஃபியூஸுக்கு நூல் சுத்தி வெச்சிருப்பான்" என்றான். அதன் பிறகு யாரும் தரையைப் பார்க்கவில்லை. எல்லோரும் சூப்பர்வைசரைப் பார்த்தார்கள்.

அவர் படித்தார். பாதியில் தண்ணீர் கேட்டார்.

"முடிச்சிட்டுக் குடிங்க" என்றாள் அவள்.

பத்தாவது மாடிக்காரர் லிஃப்ட் ஏன் நிற்கிறது என்று கத்தியதால் கையிலிருந்த ஃபியூஸை மாட்டிவிட்டதாக அவர் பிறகு போலீஸில் ஒப்புக்கொண்டார். வழக்கு நடந்தது, கொஞ்சநாள் உள்ளே இருந்தார், வெளியே வந்தார். ஊர் அத்தோடு மறந்தது.

அவள் மடித்து வைத்திருந்தாள். தம்பி விழுந்த தேதி வரும்போதெல்லாம் கண்ணாடிக்காரப் பெண்ணிடம், கல்லீரல் பெற்றவர் எப்படி இருக்கிறார் என்று ஒரே ஒரு கேள்வி கேட்பாள். "நல்லா இருக்காருங்க" என்று பதில் வரும். அன்றே சூப்பர்வைசருக்கு ஒரு கடிதம் போகும். முதல் வருடம்: "ஈரலுக்கு ஒரு வயசு. இன்னும் குடிக்கல." இரண்டாம் வருடம்: "ரெண்டு வயசு. இன்னும் குடிக்கல."

நான்காம் வருடம் அவரிடமிருந்து பதில் வந்தது. "போதும்மா. தூங்க முடியல. எப்பம்மா நிறுத்துவீங்க?"

அதை இரண்டு தடவை படித்தாள். வெட்டுப்பட்ட மேலங்கியை எடுத்து, உள்பையில் ஃபியூஸுக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பொத்தானைப் போட்டாள்.

முகம் தெரியாத அந்த மனிதர் நூறு வயதுவரை இருக்க வேண்டும் என்று அவள் தினமும் வேண்டிக்கொள்கிறாள். அவருடைய நலனுக்காக மட்டும் அல்ல.