சாகிபு விட்டுவைத்த இடம்

நதீர் சாகிபு வாணியம்பாடிக்காரர். வீட்டில் உருது, தெருவில் தமிழ் என்று வளர்ந்தவர். லண்டனுக்கு வந்து பஸ் ஓட்டி ஓய்வு பெற்றபின், குட்மேய்ஸ் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து உருதுவில் சூஃபிப் புத்தகங்களாக எழுதித் தள்ளினார். இந்த ஊரில் உருதுப் புத்தகம் வாசிக்கிறவர்களைவிட எழுதுகிறவர்கள்தான் அதிகம் என்று அவரே சிரிப்பார். எழுதியதில் உபதேச வாடை அடித்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடுவார். "தெரிஞ்சவன் மாதிரி எழுதிட்டேன்மா. பொய்."

அவரைப் பார்த்துக்கொள்ள வரும் வசந்தமலர் யாழ்ப்பாணத்துக்காரி. யுத்தத்தின் கடைசிக் கிழமையில் காணாமற்போன கணவனுக்காக இன்னும் குங்குமம் வைப்பவள். இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்கைச் செய்துவிடுவோம் என்று மகன் விதுசன் வருசா வருசம் கேட்பான். "அப்பா வருவார்" என்பாள். பேச்சு அத்தோடு சரி. கணவன் பெயரை வாயால் சொல்லும் பழக்கமும் அவளுக்கு இல்லை. அவர் எப்போதும் 'விதுசன்ரை அப்பா'தான்.

வியாழன் மாலைகளில் சாகிபு ஊதுபத்தி கொளுத்தி, தட்டில் சீனி வைத்து, தம் வீட்டில் இறந்தவர்களுக்காக ஃபாத்திஹா ஓதுவார். பிறகு அவர்களைப் பெயர் சொல்லி அழைப்பார். ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் சற்று நிறுத்துவார், கூப்பிட்டவர் பதில் சொல்ல நேரம் கொடுப்பதைப் போல. அந்த நேரத்தில் மாடிப்படியில் யாரோ நிற்கிறார்கள் என்று வசந்தமலருக்கு மயிர்க்கூச்செறியும். ஆனாலும் தட்டை அவள்தான் எடுத்துவைப்பாள்.

ஒரு வியாழன், மனைவி, தம்பி, ஒரே மகள் பெயர்களுக்குப் பிறகு சாகிபு "குகதாசன்" என்றார். ஒருநாள் அம்மாவைக் கூட்டிப்போக வந்த விதுசனிடம் கேட்டு வைத்திருந்த அவன் அப்பாவின் பெயர்.

வசந்தமலர் தட்டைப் பின்னுக்கு இழுத்தாள். "அவர் உயிரோடை இருக்கிறார். என்னைக் கேளாமல் ஏன் அவரைச் செத்த ஆக்களோடை சேர்த்தனீங்கள்?"

சாகிபுவின் முகம் வாடிவிட்டது. "அவருக்காக ஓத யாருமில்லையேன்னு நெனச்சேன்மா. தப்புதான்."

வசந்தமலர் தன்னை வேலைக்கு அனுப்பும் அலுவலகத்தில் ஷிப்டை மாற்றிக் கேட்டாள். வேறு ஆள் கிடைக்கவில்லை. அடுத்த வியாழன் அந்தப் பெயர் வரவில்லை. ஆனால் மகளின் பெயருக்குப் பிறகு சாகிபு நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

"என்ன ஐயா செய்யிறியள்?"

"பேரைத்தான் எடுத்தேன்மா. எடத்தை விட்டுவெச்சிருக்கேன். அவரு இருக்காரா இல்லையான்னு எனக்குத் தெரியாது. தெரியாததை நெரப்பக் கூடாது."

பெயரைவிட அந்த மௌனம்தான் அவளை ஆட்டிவைத்தது. பஸ்ஸில் கூடவே வந்தது. இல்ஃபர்டில் அவளுடைய சமையலறை வாசலில் வந்து நின்றது. வா என்றோ போ என்றோ யாராவது சொல்லட்டும் என்று விதுசன்ரை அப்பா அங்கே காத்து நிற்பது போலிருந்தது. இரண்டையும் சொல்ல அவளுக்குப் பயம்.

தை மாதக் குளிரில் சாகிபு காலமானார். இனி யாரும் இல்லாத அந்த வீட்டுக்கு உறவினர் யாரோ வந்து பூட்டிக்கொண்டு போனார்கள். வியாழன் வந்தது. தன் சமையலறையில் வசந்தமலர் ஊதுபத்தி கொளுத்தித் தட்டில் சீனி வைத்தாள். ஓதத் தெரியாது, பெயர்கள் தெரியும். மனைவி, தம்பி, மகள் என்று சாகிபு சொல்கிற ஒழுங்கிலேயே சொன்னாள். நான்காவதாக நதீர் சாகிபு என்றாள். ஒவ்வொன்றுக்கும் நிறுத்தினாள்.

பிறகு அந்த இடம் வந்தது. ஊதுபத்தி பாதிக்கு மேல் எரிந்துவிட்டது.

"குகதாசன்."

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் வாயில் வராத பெயர். சொல்லிவிட்டு, சாகிபுவைப் போலவே நிறுத்தினாள். சமையலறை வாசலில் ஒரு சத்தமும் இல்லை. இந்த முறை அவள் கோபித்துக்கொள்ள எதிரே ஒருவரும் இருக்கவில்லை.