தோசைக்கல்லுக்கு மேலே இரண்டு மாடி

வீடு பார்க்கப் போன அன்று படிக்கட்டெல்லாம் தோசை வாசனை. அப்பா இருந்தார். அம்மா இருந்தாள். அக்கா, பிறகு நான். சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஏறிய வீட்டுக்காரர்.

ராபர்ட்சன்பேட்டையில் கடைத்தெருவை ஒட்டிய கட்டடம். கீழே ராஜண்ணா ஹோட்டல், நடுவில் தையல்கடை, அதற்கும் மேலே எங்களுக்குக் காட்டிய வீடு. அதுவரை ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய ‘லைன் வீட்டில்’ இருந்தோம். அப்பா வேலைசெய்த தங்கச் சுரங்கத்தை மூடியதும் அவருக்கு மிஞ்சியது இருமல்தான். தங்கம் எடுத்தபின் கொட்டிவைத்த மண் அங்கே மலையாக நிற்கும், ‘சயனைடு மேடு’ என்போம். காற்றடித்தால் அந்த வெள்ளைத் தூசி சோற்றுத் தட்டு வரை வரும். தூசி இல்லாத இடத்துக்குப் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்று காலையில் இன்னொரு வீடும் பார்த்திருந்தோம். பின்சந்தில், தரையோடு இருந்தது. அம்மாவுக்கு அதுதான் பிடித்தது. அப்பா இதைத்தான் பிடித்துக்கொண்டார். உயரத்தில் தூசி வராது என்றார். உண்மையான காரணம் கீழே கல்லில் வெந்துகொண்டிருந்தது. ராஜண்ணாவின் செட் தோசைக்கும் அதற்குத் தொட்டுக்கொள்ளும் சாகு குருமாவுக்கும் என்றே, ‘ஷிஃப்ட்’ முடிந்த களைப்போடு, ஊரிகத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்தவர் அவர்.

“இன்னாங்க, இந்த நெஞ்ச வெச்சிக்கினு ரெண்டு மாடி ஏறுவீங்களா?” என்றாள் அம்மா.

“நூறாவது லெவல் போய் வந்தவன்டி நானு. இது இன்னா, ஏணி.”

வீம்புக்குச் சொல்லவில்லை. சுரங்கத்து ஆட்கள் அப்படித்தான் நினைப்பார்கள். எத்தனை ஆழத்தில் இருந்தாலும் ‘கேஜ்’ என்ற இரும்புக் கூண்டில் ஏறி நின்றால் போதும், மணி அடித்ததும் இயந்திரம் இழுத்துக் கொண்டுவந்து வெளிச்சத்தில் விட்டுவிடும். மேலே வருவதும் மனிதன் செய்ய வேண்டிய வேலை என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அன்று ஏறும்போதே தையல்கடை வாசலில் நின்றுவிட்டார். சட்டைக்கு என்ன கூலி என்று விசாரிப்பதுபோல் நின்றார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

குடிவந்த பிறகு தினமும் காலையில் இறங்குவார். தோசையை மேலே வாங்கி வருகிறோம் என்றால் கேட்கமாட்டார். “கல்லுலேர்ந்து நேரா இலைக்கு வரணும். மூட்டை கட்டினா அது வேற பண்டம்.” இறங்குவது லேசு. ஏறுவதற்கு நாளுக்கு நாள் நேரம் பிடித்தது. தையல்காரர் ஒன்றும் கேட்காமல் ஒரு முக்காலியை வெளியே போட்டுவைத்தார். இறங்காதீர்கள் என்று அம்மா சொல்லுவாள். இறங்காத நாளில் அவர் முகத்தைப் பார்க்கமுடியாமல், போய்விட்டு வாங்க என்று அவளே சொல்லுவாள்.

மழை பிடித்த ஒரு காலையில், தோசை தின்றுவிட்டு ஏற வந்தவர் முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உதடு நீலமாகிவிட்டது. நான் ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிவந்தேன். அவளாலும் தூக்கமுடியவில்லை. ராஜண்ணா ஒரு மர நாற்காலியைக் கொண்டுவந்தார்.

“சும்னே குந்துங்கண்ணா, ஒண்ணும் பேசாதீங்க.”

அவரும் மாவாட்டுகிறவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். தெருவே பார்த்தது. அப்பாவுக்கு மூச்சு கொஞ்சம் திரும்பியது.

“மணி அடிங்கய்யா. ஆள் ஏறியாச்சு.”

கடைப்பையன் தோசைத் திருப்பியால் கல்லில் ‘டங்’ என்று தட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அதன் பிறகு அப்பா இறங்கவில்லை.

அம்மா தரைவீடு தேடி அலைந்தாள். பின்சந்து வீட்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டது. மற்ற இடங்களில், “உங்க வீட்டுக்காரருக்கு இன்னா ஒடம்புக்கு?” என்று கேட்பார்கள். தூசி என்று சொன்னாலும் ஒட்டிக்கொள்ளும் நோய் என்றே எடுத்துக்கொள்வார்கள். வீடு இல்லை என்பார்கள். அவள் திரும்பிவந்து அடுப்பைப் பற்றவைப்பாள்.

அக்கா தட்டைத் துணியால் மூடிக்கொண்டு இரண்டு மாடியும் ஓடி வருவாள். “சூடாத்தான் கீது” என்பார் அப்பா. சூடாக இருக்காது. பாதியை எனக்குத் தள்ளிவிட்டு, தெருப்பக்கத்து மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் வந்து நிற்பது தெரிந்தால் ராஜண்ணா கல்லைத் தட்டுவார். அப்பா கையைத் தூக்கிக் காட்டுவார். இரண்டு பேருக்கும் அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லை.

ஆடி முடியுமுன் அதே நாற்காலியில் ஆஸ்பத்திரிக்கு இறக்கினார்கள். அன்று அவர் மணி அடிக்கச் சொல்லவில்லை. கல்லையும் யாரும் தட்டவில்லை. திரும்ப ஏற்றிவிடும் வேலை அவர்களுக்கு வரவே இல்லை.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். ஹோட்டல் இல்லை, செல்போன் கடை இருக்கிறது. தையல்கடையும் இல்லை. கல் இருந்த மூலையை உடைத்து லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். யாரும் கேட்காததால் ஏறி நின்றேன். கதவு சாத்திக்கொண்டது. மணிச் சத்தம் ஒன்று கேட்டது. மூச்சுவிடும் நேரத்தில் மேலே கொண்டுபோய் விட்டது. அங்கே எந்த வாசனையும் இல்லை. இறங்கி வரும்போதுதான் உள்ளே ஒட்டியிருந்த தகட்டைப் பார்த்தேன். எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருந்தது.

நாலு பேர்.