கொண்டைக்கிளிக்குச் சொன்ன 'ஓம்'

காத்தான்குடி நெசவுக்காரர் சாலிஹின் வாயில் 'முடியாது', 'ஏலாது' என்ற சொல் வரவே வராது. ஒரே கிழமைக்குள் நாலு பேர் உடுக்கச் சாறன் கேட்டு வந்தால் நாலு பேருக்கும் "ஓம்" என்பார். பிறகு தறிக்குழிக்குள் இறங்கி, இடுப்பொடியக் கிடந்து நெய்வார். மனைவி றமீஸா ஏசுவாள். அதற்கும் "ஓம், நீ சொல்றது சரிதான்" என்பார். இந்த மனிதரோடு எப்படித்தான் சண்டை பிடிப்பது? எதிரில் நிற்பவரின் முகம் வாடினால் அவருக்குத் தாங்காது, அவ்வளவுதான் விஷயம். இப்படிப்பட்டவர், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் ஒரு நாள், மட்டக்களப்புப் பட்டினத்தில் ஆயுளுக்கும் நீளுகிற ஒரு 'ஓம்' சொல்லிவிட்டு வந்தார்.

சாறன் மூட்டையோடு கல்லடிப் பாலம் தாண்டி, ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி ஐயாவின் வீட்டுக்குப் போயிருந்தார். அவர் பறங்கி மனிதர், வாடிக்கைக்காரர். காலிக்கு மாற்றலாகிப் போவதற்காக வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். விறாந்தையில், காலில் சங்கிலியோடு ஒரு வெள்ளைப் பறவை நின்றது. கோழியளவு இருக்கும். உச்சியில் மஞ்சள் கொண்டை. முதுகும் சிறகும் பளிச்சென்ற வெள்ளை. நெஞ்சு மட்டும் உரித்த கோழிபோல வெறும் தோலாய்க் கிடந்தது.

"அல்லாஹ்வே, இது என்ன வருத்தம்?" என்று கேட்டுக்கொண்டே சாலிஹ் கிட்டப் போனார். பறவை தலையைக் குனிந்து கொடுத்தது. அவர் விரலால் சொறிந்தார். அது கண்ணை மூடிக்கொண்டது.

"சாலிஹ், இவன் ஒருத்தருக்கும் இப்பிடித் தலை குடுக்கிறவன் இல்ல. நீ கொண்டு போறியா?" என்றார் அப்போதிக்கரி.

"ஓம், ஐயா. வாற வெள்ளிக்கிழமை வந்து கொண்டு போறன்."

பாலத்தின் நடுவில் வரும்போதுதான் அவருக்கு உறைத்தது. 'கொண்டு போறன்' என்று சொல்லியாயிற்று. எந்த வீட்டுக்குக் கொண்டுபோவது?

அந்தக் கரையோரம் முழுக்க வீடு பெண்ணுக்குத்தான். சாலிஹ் பிறந்தது உம்மாவின் வீட்டில். தங்கைக்குக் கல்யாணமானதும் அந்த வீடு அவளுக்குப் போயிற்று. சாலிஹ் கல்யாணம் முடித்து றமீஸாவின் வீட்டுக்கு வந்தார். அவர் வரவும் றமீஸாவின் வாப்பாவும் உம்மாவும் வளவின் பின்பக்கத்துக் கொட்டிலுக்குப் போய்விட்டார்கள். இப்போது மகள் ஆயிஷாவுக்கு மாப்பிள்ளை பேசியாயிற்று. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து கல்யாணம். அதோடு வீடு ஆயிஷாவுக்கு, பெரியவர்கள் காலமாகி வெறுமையாய்க் கிடக்கும் கொட்டில் சாலிஹுக்கும் றமீஸாவுக்கும். நேற்றுவரை தனதாக இல்லாத, இன்றும் தனதல்லாத, நாளைக்கும் தனதாகப் போகாத வீட்டுக்காக வாயைத் திறந்து 'ஓம்' சொல்லிவிட்டு வந்திருக்கிறார் மனிதர். ஊரில் வேறு எந்த வாக்கைக் கொடுத்தாலும் மன்னிப்பார்கள். இதற்குச் சிரிப்பார்கள்.

விஷயத்தைக் கேட்டு றமீஸா சத்தம் போடவில்லை. நூல் சுற்றிக்கொண்டிருந்த கையும் நிற்கவில்லை. அதுதான் சாலிஹுக்கு அதிகம் பயமாக இருந்தது.

"எத்தின வருசம் உசிரோட இரிக்குமாம்?"

"மனிசன் அளவுக்கு இரிக்குமெண்டு சொன்னாரு."

"அப்ப நாம மவுத்தான பிறகும் இரிக்கும். ஆரு பாக்கிற?"

சாலிஹ் தலையைச் சொறிந்தார்.

"ஏன் குடுக்கிறாரு?"

"காலிக்குப் போறாராம், புள்ள."

"காலியில கிளி குந்துறதுக்கு ஒரு கம்பும் இல்லையா? இஞ்சேருங்க, அந்த நோனாவ நான் பாக்கணும். ஆம்பிளயள் கிளியப் பத்தித்தான் சொல்லுவாங்க. வீடு பட்ட பாட்டப் பொம்பிளதான் சொல்லுவா."

வியாழக்கிழமை வண்டி பிடித்துப் போனார்கள். சாலிஹ் விறாந்தையில் பறவைக்குத் தலை சொறிந்துகொண்டிருந்தார். றமீஸா பின்கதவால் அடுப்பெரிந்த குசினிக்குப் போனாள். அப்போதிக்கரியின் மனைவியான அந்த நோனா, கேட்க ஒரு ஆள் வராதா என்று இருந்தவள்போலக் கொட்டித் தீர்த்துவிட்டாள்.

"பிள்ள, உண்மையச் சொல்லட்டா? அத அனுப்பச் சொன்னது நான்தான். விடியச் சத்தம், பொழுதுபடச் சத்தம். காதுக்குள்ள ஆணி அடிச்ச மாதிரி இருக்கும். அந்த ஜன்னலப் பாரு, பாதிய அது திண்டு போட்டுது. செட்டையில இருந்து மாப்போல தூள் கொட்டும், கூட்டிக் கூட்டி எண்ட முதுகு போச்சு. வீட்டுக்கு ஒருத்தரத்தான் அதுக்குப் பிடிக்கும். எங்கட மனிசனப் பிடிச்சுது, என்னக் கடிச்சுது. அவர் வேலைக்குப் போனா வரும்வரைக்கும் கத்தும். பிறகு கத்துறத விட்டுட்டு, தன்ட இறகத் தானே பிடுங்கத் துவங்கிச்சு."

"இவருக்கு முன்ன ஆரு வச்சிருந்த?"

"உன்னிச்சைக் குளத்தில வேலை பாத்த ஒரு துரை. அவருக்கு முன்ன திருக்கோணமலையில ஒரு கப்பல்காரர். எல்லாரும் ஆசையாத்தான் வாங்கினவங்க." நோனா குரலைத் தாழ்த்தினாள். "தேத்தண்ணியும் விசுக்கோத்தும் குடுத்துப் பழக்கிப் போட்டம். அது கூடாது. பழமும் கீரையும் பயறும் குடு. தேங்காய கொஞ்சமாக் குடு. எல்லாத்தையும் விட, பக்கத்தில ஆள் வேணும். உங்கட வீட்டில ஆள் இருக்கா?"

"அந்த மனிசன் விடிஞ்சாப் பொழுதுபட்டாத் தறிக்குழிக்குள்ளதான்" என்றாள் றமீஸா. நோனா சொன்னவற்றில் இது ஒன்றுக்குத்தான் அவளிடம் நல்ல பதில் இருந்தது.

திரும்பும் வண்டி கல்லடி தாண்டியது. றமீஸா சொன்னாள்: "குடுத்த சொல்லு குடுத்ததுதான். கொண்டு வாங்க. ஆனா கல்யாணம் வரைக்கும்தான் எண்ட பொறுப்பு. மறுகா வீடு ஆயிஷாட. அவ ஏலாதெண்டா கிளி போகும். ஏறாவூர்க் கடைக்காரன் ஒருத்தன் கடை வாசல்ல கட்டி வைக்கக் கேட்டானெண்டு நோனா சொன்னா, அங்கதான் போகும். நீங்க புள்ளட்டப் போய்க் கெஞ்சப்படா. மூஞ்சத் தூக்கி வச்சிக்கொண்டு திரியவும் படா."

"ஓம்" என்றார் சாலிஹ். அவர் யோசித்துச் சொன்ன முதல் 'ஓம்' அதுவாகத்தான் இருக்கும்.

வந்த அன்றே கொண்டைக்கிளி தன் குணத்தைக் காட்டியது. சாலிஹ் ஜும்ஆ தொழப் போய் வருவதற்குள் சங்கிலியின் நீளத்துக்கு எட்டிய தறியின் பாவு நூலையெல்லாம் கத்தரித்துப் போட்டிருந்தது. ஒரு கிழமை வேலை பாழ். றமீஸா வந்து அறுந்த நூலைப் பொறுக்கிக்கொண்டு போனாள். அதன் பிறகு சாலிஹ் அதைத் தறிக்கு எட்டாத மூலையில், பூவரசங் கதியால் கம்பு ஒன்று நட்டு அதில் இருத்தினார். கடிக்கட்டும் என்று பச்சைக் கம்பும் பனங்கொட்டையும் போட்டார். கம்பு கிடந்தால் அது தறியைப் பார்ப்பதில்லை. கறுப்பு, நீல நூல்களைத் தூள் படாமல் துணி போட்டு மூடினார். பொழுதுபட, பள்ளியில் மஃரிபு வாங்கு சொல்லும் நேரம் பார்த்து அதுவும் தொண்டையைத் திறந்தது. பள்ளிவாசல் லெப்பை ஆளனுப்பிக் கேட்டார், "அது என்ன, எனக்குப் போட்டியா?" என்று. அன்றிலிருந்து வாங்குக்குச் சற்று முன்னால் அதன் வாயில் ஒரு துண்டு பப்பாசிப் பழத்தைத் திணித்துவிட்டுத்தான் சாலிஹ் தொழப் போனார். காலையில் பப்பாசி கொடுத்தும் கத்தலை நிறுத்த முடியவில்லை. அயலவர்கள் முதலில் ஏசினார்கள், பிறகு அந்தச் சத்தத்துக்கே எழும்பத் தொடங்கினார்கள்.

தறி ஓடத் தொடங்கினால் அதற்குக் கொண்டாட்டம். நாடா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஓட, அதுவும் கொண்டையை விரித்துத் தலையை ஆட்டும். தறி நின்றால் எட்டிப் பார்க்கும். நிறுத்தினால் கத்திவிடுமோ என்று சாலிஹ் வழக்கத்தைவிட அதிகமாக நெய்தார். வாடிக்கைக்காரர்களுக்கு ஒரே சந்தோஷம்.

நோன்பு மாதம் முடியும் நேரம், அந்த வெறும் நெஞ்சில் ஊசிபோல வெள்ளைக் குருத்துகள் முளைத்தன. சாலிஹ் றமீஸாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பறவைக்காக அழுகிற ஆம்பிளையா என்று யாரும் கேட்டால் கேட்கட்டும், அவருக்கு வெட்கமாக இல்லை. றமீஸா குனிந்து பார்த்து, "ம்" என்றாள். மறுநாள் முதல் பப்பாசித் துண்டு கொஞ்சம் பெரிதாக இருந்தது.

ஆனால் ஆயிஷாவின் மனம் இளகவில்லை. ஒருமுறை தண்ணீர் வைக்கப் போனவளின் சுண்டுவிரலைக் கிளி பிடித்துவிட்டது. அதிலிருந்து அவள் அந்த மூலைக்கே வருவதில்லை. கல்யாண நாள் நெருங்க நெருங்க சாலிஹ் மகளையே சுற்றிச் சுற்றி வந்தார். மகள் முற்றம் கூட்டும்போது பக்கத்தில் போய் நிற்பார். றமீஸா குசினிக்குள்ளிருந்து இருமுவாள். அவர் திரும்பி வந்துவிடுவார்.

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஹலீம் சாலிஹின் தங்கை மகன்தான். நல்ல பொடியன், ஆனால் வாய் பேசாதவன். மருமகனாகவே பிறந்து வளர்ந்தவன் என்றாலும், மாப்பிள்ளையாக ஒரு வீட்டுக்குள் வந்து இருப்பது வேறு. எங்கே குந்துவது, எதைத் தொடுவது, தண்ணீரைக் கேட்டுக் குடிப்பதா எடுத்துக் குடிப்பதா என்று தெரியாமல் சுவரோரமாய் நின்றான். சாலிஹுக்கு அது நன்றாகத் தெரியும். அவரும் இதே சுவரோரம் நின்றவர்தானே! கடைசியில் அவன் ஒதுங்கிய இடம் கிளி இருந்த மூலை. அங்கேதான் யாரும் அவனை "சாப்பிடுங்க மச்சான், சாப்பிடுங்க" என்று துளைக்கவில்லை.

கிளி அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு தலையைக் குனிந்து கொடுத்தது.

சாலிஹுக்கு முதலில் சந்தோஷம்தான். ஆனால் சில நாள் கழித்து, ஹலீம் பக்கத்தில் இருக்கும்போது அவர் வழக்கம்போலத் தலை சொறியக் கை நீட்டினார். கிளி கொண்டையை விரித்து, அவருடைய கட்டைவிரலை இரத்தம் சொட்டக் கடித்தது. ஹலீம் பதறிப்போய், "மாமா! மாமா!" என்றான். அவர் "ஒண்டுமில்ல மகன்" என்று சொல்லிவிட்டு எழுந்து பின்னால் போனார்.

றமீஸா சாறன் துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டாள். "நோனா சொன்னாவே, ஒருத்தரத்தான் அதுக்குப் பிடிக்குமெண்டு."

"ஓம்."

"நோகுதா?"

"நோகுது, புள்ள" என்றார் சாலிஹ். அவள் கட்டின விரலைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கொட்டிலுக்குப் போகும் நாள் வந்தது. கிளியைக் கூடவே கொண்டுபோகலாமா என்று அவர் வாயெடுப்பதற்கு முன்னமே றமீஸா கைவிரித்துவிட்டாள். தென்னங்கிடுகு வேய்ந்த கொட்டிலை ஒரு மாரிக்குள் தின்று தீர்த்துவிடும். தவிர, மனிதர் இரண்டு பேரும் கிழடு தட்டப் போகிறவர்கள். அதுவும் நியாயம்தான். சாலிஹ் கொட்டிலோரம் புதுத் தறிக்குழி வெட்டத் தொடங்கினார். இடுப்பளவு பள்ளத்தில் நின்று மண் அள்ளிக்கொண்டிருந்தபோது, வீட்டின் பின் ஜன்னலால் ஹலீமின் குரல் கேட்டது. பேசாத பொடியன் பேசிக்கொண்டிருந்தான்.

"ஆயிஷா, இது உண்ட வீடு. உன்னக் கேக்காம நான் ஒண்டும் சொல்ல ஏலா. இந்தக் கிளி இஞ்ச இரிக்கட்டா?"

சாலிஹின் கை மண்வெட்டியிலேயே நின்றுவிட்டது. குழியோரம் நூல் சுற்றிக்கொண்டிருந்த றமீஸாவின் கையும் நின்றது.

"கடிக்குமே" என்றாள் மகள்.

"கடிக்கும். கடிக்காதெண்டு நான் பொய் சொல்ல மாட்டன். நீ கையக் குடுக்காத, நான் பாத்துக்கிறன்."

"கத்தும்."

"அதுவும்தான்."

"நம்மட காலத்துக்குப் பிறகும் இரிக்குமாம். அப்ப ஆரு பாக்கிற?"

ஹலீம் கிளியின் சங்கிலியைச் சரிசெய்யும் சத்தம் கேட்டது. "பொம்பிளப் புள்ள பிறந்தா வீட்டோட சேத்துக் கேப்பம், ஏலுமா எண்டு. இப்பவே அவக்காக நான் ஓம் சொல்ல ஏலாதே."

ஆயிஷா சிரித்துவிட்டாள். "சரி, இரிக்கட்டும். எண்ட ஜன்னலத் திண்டா மட்டும் ரெண்டு பேரும் வெளிய."

சாலிஹ் குழிக்குள்ளேயே குந்திவிட்டார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். மண் கை, முகமெல்லாம் மண்.

"பாத்தீங்களா," என்றாள் றமீஸா, நூலைத் திரும்பவும் சுற்றத் தொடங்கி. "கேட்டுப் போட்டு ஓம் சொல்றது எவ்வளவு லேசு."

மறுநாள் சுபஹுத் தொழுகைக்கு முன்னமே கிளி கத்தியது. சாலிஹ் பாயிலிருந்து எழுந்தார். பழக்க தோஷத்தில் பப்பாசியை வெட்டி, தட்டிலே வைத்து, கொட்டில் வாசல் தாண்டி நடந்தார். வீட்டுக்குள் ஹலீம் அதனோடு ஏதோ மெதுவாகப் பேசுவது கேட்டது. கத்தல் நின்றது. அவர் முற்றத்தில் தட்டும் கையுமாக நின்றார்.

"இஞ்சேருங்க," கொட்டிலுக்குள்ளிருந்து றமீஸா கூப்பிட்டாள். "அந்தப் பழத்த இஞ்ச கொண்டு வாங்க."

சாலிஹ் திரும்பிப் போனார். பாயில் குந்தி, இரண்டு பேரும் அதைத் தின்றார்கள்.